நைட்ரஜன் ஏறினால் ஆக்சிஜன் நெருக்கப்படுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

விறைப்பான ஒரு கலம். பாதியளவு தண்ணீர், அதன் மேல் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன். வெப்பநிலையை மாற்றாமல் உள்ளே நைட்ரஜனைச் செலுத்தி மொத்த அழுத்தத்தை இரண்டாக்குகிறேன். கூட்டமான பஸ்ஸில் புதிதாக ஏறுபவர்கள் ஏற்கெனவே நிற்பவர்களை நெருக்குவதுபோல நைட்ரஜன் ஆக்சிஜனை நெருக்கும். ஆகவே முன்பைவிட அதிக ஆக்சிஜன் தண்ணீரில் கரைய வேண்டும் என்பது என் கட்சி. ஆசிரியர் கரையாது என்கிறார். ஏன் என்று கேட்டால் "டால்டன் விதி" என்கிறார். விதியின் பெயர் எப்படிக் காரணம் ஆகும்?

மார்ச் 3, இரவு

ஆகாது. ஆனால் ஆசிரியர் சொன்ன விடை சரி.

உங்கள் அழுத்தமானி இரண்டு என்று காட்டுகிறது. அந்த இரண்டில் ஒன்று ஆக்சிஜன் கொடுப்பது, மற்றொன்று நைட்ரஜன் கொடுப்பது. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் கணக்கில் கொடுக்கும் இந்தப் பங்குக்குப் பெயர் பகுதி அழுத்தம்; பங்குகளைக் கூட்டினால் மொத்த அழுத்தம் என்பதே டால்டன் விதி. (நீராவியின் சிறு பங்கை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், பிறகு வருகிறேன்.) நைட்ரஜன் வருவதற்கு முன் நொடிக்கு எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் வந்து விழுந்தனவோ அத்தனைதான் இப்போதும் விழுகின்றன. கரைந்திருப்பவற்றில் வெளியேறுபவையும் அதே எண்ணிக்கை. வரவும் செலவும் மாறாதபோது இருப்பு எப்படி மாறும்? கரையும் ஆக்சிஜனின் அளவு அளக்கும்படி மாறாது. புதிதாகக் கரைவது நைட்ரஜன் மட்டுமே.

இதே எண்ணத்தில்தான் சோடா நீரின் காரம் போகாமலிருக்கப் புட்டிக்குள் காற்றடிக்கும் மூடிகளை விற்கிறார்கள். அடிக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம். நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கு மேலே தன் இனம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. மேலே இருப்பது வெறும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றால், தனக்கு உரிய பகுதி அழுத்தம் அங்கே சேரும்வரை அது வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். திறக்கும்போது "புஸ்" என்று சத்தம் வரும், வாங்கியவர் மகிழ்வார். அந்தச் சத்தம் அவர் அடித்த காற்றின் சத்தம்.

மார்ச் 4, காலை

காரணம் கேட்டிருந்தீர்கள். நேற்று விளைவைத்தான் சொன்னேன்.

முதலில் பஸ். பஸ்ஸில் நிற்பவருடைய உடலே இடத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது. வாயுவில் அப்படி இல்லை. அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், மூலக்கூறின் விட்டம் சுமார் 0.35 நானோமீட்டர், பக்கத்து மூலக்கூறு சராசரியாக 3.4 நானோமீட்டர் தள்ளி இருக்கிறது. மூலக்கூறுகள் உண்மையில் அடைத்திருக்கும் பருமன், கலத்தின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு மடங்கு ஆட்களை ஏற்றினாலும் யாருக்கும் இடம் குறைந்ததாகத் தெரியாத பஸ் அது.

அடுத்தது, பாடப்புத்தகங்கள் கொஞ்சம் ஏமாற்றும் இடம். "ஒரு வாயுவின் மூலக்கூறுகள் மற்றொன்றைப் பொருட்படுத்துவதில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். நன்றாகவே பொருட்படுத்துகின்றன. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு சுமார் 70 நானோமீட்டர் ஓடுவதற்குள் எதன் மீதாவது மோதிவிடும்; நொடிக்கு 600 கோடி முறைக்கு மேல். மோதலே இல்லாததால் அழுத்தங்கள் கூடுகின்றன என்றால் அந்த விளக்கம் தவறு.

மோதல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆற்றலைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. போதுமான மோதல்களுக்குப் பிறகு கனமானதும் லேசானதும் சராசரியாக ஒரே இயக்க ஆற்றலோடு இருக்கும். அந்தச் சராசரியைத்தான் வெப்பநிலை என்கிறோம். மோதல் எந்த வகை மூலக்கூறின் எண்ணிக்கையையும் மாற்றுவதில்லை, சராசரி ஆற்றலையும் மாற்றுவதில்லை. சுவரில் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான்: ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை மூலக்கூறு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆற்றல். இரண்டையும் நைட்ரஜனால் தொட முடியாதபோது ஆக்சிஜனின் பங்கு அப்படியே இருக்கிறது.

மார்ச் 4, மாலை

"கனமான மூலக்கூறு பலமாக அடிக்குமே, அதன் பங்கு அதிகமாக இருக்க வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண்களைப் போட்டே பார்க்கலாம். 25 டிகிரியில் ஹைட்ரஜன் மூலக்கூறின் வேகம் நொடிக்குச் சுமார் 1,920 மீட்டர், ஆக்சிஜனுடையது 480. எடையில் ஆக்சிஜன் பதினாறு மடங்கு, வேகத்தில் கால் பங்கு. ஆகவே ஒவ்வோர் அடியும் ஹைட்ரஜன் அடிப்பதைப்போல் நான்கு மடங்கு பலம். ஆனால் மெதுவாக வருவதால் சுவருக்கு வரும் தடவைகள் நான்கில் ஒரு பங்கு. பெருக்கினால் சமம்.

கணக்குக்கு வசதியான எண்கள் என்பதால் இந்த இரண்டையும் எடுத்தேன். இவற்றைக் கலத்தில் கலந்து பார்க்க யாரும் கிளம்ப வேண்டாம்.

மார்ச் 5

டால்டனை இவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்ட வேண்டாம் என்று ஒரு கண்டனம். ஓரங்கட்டவில்லை. அவருடைய விதி சரி, அவர் சொன்ன காரணம்தான் நிலைக்கவில்லை.

ஜான் டால்டனுக்கு மோகம் வானிலை மீது. 1787இல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844இல் இறக்கும்வரை எழுதினார். அவரைக் குடைந்த கேள்வி இது: காற்றில் நீராவி எப்படி நிற்கிறது? உப்பு நீரில் கரைவதுபோல நீர் காற்றில் கரைந்திருக்கிறது என்பது அன்றைய வேதியியலாளர் பலரின் கருத்து. டால்டன் அளந்து பார்த்தார். வெற்றிடத்தில் வைத்தாலும் காற்றில் வைத்தாலும் ஒரே வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் ஒன்றாகவே இருந்தது. காற்று அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அது தன் கணக்கில் அங்கே இருந்தது. 1801இல் மான்செஸ்டரில் இதை அவையில் வாசித்தார், 1802இல் அச்சில் வந்தது.

காரணமாக அவர் சொன்னது, ஒரு வாயுவின் துகள் தன் இனத்தை மட்டுமே விலக்கித் தள்ளும், பிற இனத்தைத் தள்ளாது என்பது. அவருடைய நண்பர் வில்லியம் ஹென்றி, ஒவ்வொரு வாயுவும் மற்ற ஒவ்வொரு வாயுவுக்கும் வெற்றிடம் போன்றது என்று அதைச் சுருக்கினார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற வாயு உண்மையிலேயே வெற்றிடமாக இருந்தால், அறையின் ஒரு மூலையில் திறந்த வாசனைத் திரவியம் மறு மூலைக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். போவதில்லை. வழியெல்லாம் மோதல். ஓய்ந்து நிலைபெற்ற கலவைக்கு ஹென்றியின் வாக்கியம் பொருந்தும், பயணத்தில் இருக்கும் வாயுவுக்குப் பொருந்தாது. மூலக்கூறுகளின் வேகப் பரவலை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1860இல் எழுதியபோதுதான் டால்டனின் விதிக்குச் சரியான அடித்தளம் கிடைத்தது.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "பகுதி அழுத்தம் என்பது தாளில் மட்டும் இருக்கும் எண், அதை எந்தக் கருவியாலும் தனியாகப் பார்க்க முடியாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் வந்தது. ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகள் வெற்றிட ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே அன்றாடம் பார்த்தது பகுதி அழுத்தத்தைத்தான். மொத்த அழுத்தம் கதவருகே தொங்கும் கடிகாரம்போல ஓரமாக இருக்கும். எஃகுக் கலத்தை மூடிப் பம்பை ஓட்டுவோம். அழுத்தம் மளமளவென இறங்கி, மில்லிபாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அருகே வந்து முரண்டு பிடிக்கும். இப்போது இரண்டு சந்தேகங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் மெல்ல மெல்லக் கழன்று வருகிறதா? அல்லது எங்கேயோ ஓட்டையா? மொத்த அழுத்தத்தைக் காட்டும் மானியிடம் கேட்டால் அது ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.

பக்கத்தில் சிறிய நிறை நிறமாலைமானி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது மூலக்கூறுகளை அயனிகளாக்கி, நிறைப்படி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டை எழுப்பும். 18இல் கோடு உயர்ந்து, அதன் இடப்பக்கத்தில் 17இல் சிறு கோடு நின்றால் ஈரம். கலத்தைச் சுற்றி வெப்ப நாடா கட்டிச் சூடேற்றிக் காத்திருக்க வேண்டியதுதான். நைட்ரஜனின் 28 உயர்ந்து, ஆக்சிஜனின் 32 அதற்குக் குட்டையாக நின்றால் காற்று. அதிலும் கார்பன் மோனாக்சைடும் 28இல்தான் வரும் என்பதால் நான் நம்புவது 40ஐ. அங்கே ஆர்கான் தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம். கலத்தின் சுவரிலிருந்து ஆர்கான் வராது, வெளிக்காற்றிலிருந்துதான் வர வேண்டும். காற்றில் அது 0.93 சதவீதம்.

பிறகு ஓட்டையைத் தேடும் வேலை. கருவியை ஹீலியத்தின் நிறையான 4இல் நிறுத்திவிட்டு, மெல்லிய மூக்குள்ள குழாயால் ஹீலியத்தை ஒவ்வொரு இணைப்பின் மீதும் கொஞ்சமாக ஊதுவோம். மேலிருந்து கீழே வர வேண்டும். கீழே தொடங்கினால் ஹீலியம் எழுந்து மேலே உள்ள ஓட்டைக்குள் புகுந்து தவறான இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். ஒரு முறை கண்ணாடிச் சன்னலின் விளிம்பில் ஊதியபோது 4இல் கோடு சடாரென எழுந்தது. கழற்றிப் பார்த்தால், செம்பு வளையம் அழுந்த வேண்டிய எஃகு விளிம்பில் நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் ஒரு கீறல். அந்த நேரத்தில் மொத்த அழுத்தத்தைக் காட்டும் மானி அசைந்ததாகவே தெரியவில்லை. அது நைட்ரஜனுக்கு அளவு குறித்த அயனி மானி. ஹீலியத்தை உண்மையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் என்பதால் பின்னணியில் அதன் கோடு ஏறத்தாழத் தரையோடு கிடக்கும். அதனால்தான் இத்தனை சிறிய வரவும் கண்ணில் பட்டது.

தாளில் மட்டும் இருக்கும் எண்ணால் அந்தக் கீறலைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மார்ச் 6, அதற்குச் சற்றுப் பின்

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மீது மோதுவதற்குச் சராசரியாக 70 மீட்டர் போக வேண்டும். கலத்தின் அகலமோ ஒரு முழம். ஆகவே சுவரில்தான் மோதும், தங்களுக்குள் மோதாது. ஹென்றியின் வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகும் இடம் அது.

மார்ச் 9

உயரமான மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடுகிறது என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். சதவீதம் குறைவதில்லை. உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம், தரையிலும் அதுதான், எவரெஸ்ட் உச்சியிலும் அதுதான். கனமான வாயு கீழே, லேசானது மேலே என்று அடுக்கடுக்காகப் பிரியாமல் காற்றின் ஓட்டமும் கலக்கமும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரை விகிதத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

உடல் சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை. இதை அழுத்த அறைகளில் சோதனை செய்து நிறுவியவர் பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர். 1878இல் பெரிய நூலாக வெளியிட்டார். அதற்கு முன்பே ஒரு துயரம் நடந்தது. 1875 ஏப்ரல் 15 அன்று ஜெனித் என்ற பலூனில் மூவர் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். ஆக்சிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்து வாயில் வைக்கும் அளவுக்குக் கையும் புத்தியும் ஒத்துழைக்கவில்லை. சிவெல், குரோசே-ஸ்பினெல்லி இருவரும் இறந்தார்கள், திசாந்தியே மட்டும் உயிரோடு இறங்கினார். ஆக்சிஜன் குறைவு வலி காட்டி எச்சரிப்பதில்லை. முதலில் மழுங்குவது எச்சரிக்கையை உணர வேண்டிய மூளைதான்.

எவரெஸ்ட் கணக்கு எனக்குப் பிடித்தமானது. 1981இல் உச்சியில் அளந்த காற்றழுத்தம் 253 மி.மீ. பாதரசம். நேராக 20.95 சதவீதத்தால் பெருக்கினால் 53 வரும். ஆனால் மூச்சுக்குழாயை எட்டும்போது காற்று உடல் வெப்பத்தில் ஈரம் தெவிட்டிவிடுகிறது; 37 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 47 மி.மீ. இந்த 47 மலையின் உயரத்தைப் பார்த்து இரக்கப்படாது. தரையில் 760இலிருந்தும் 47, உச்சியில் 253இலிருந்தும் அதே 47. மிஞ்சுவது 206, அதில் ஆக்சிஜன் 43. தரையில் இது 149. இன்னும் மேலே, சுமார் 19 கிலோமீட்டரில், வெளி அழுத்தமே 47 ஆகிவிடும். அங்கே தூய ஆக்சிஜனைச் சுவாசித்தாலும் பயனில்லை, நுரையீரலை நீராவியே நிரப்பிவிடும்.

சரி, 43இல் மனிதன் எப்படிப் பிழைக்கிறான்? நுரையீரல் நுண்ணறைக்குள் மொத்த அழுத்தத்தை வெளிக்காற்று நிர்ணயித்துவிடுகிறது. நீராவி தன் பங்கை விட்டுத்தராது. விட்டுத்தரக்கூடியது கார்பன் டை ஆக்சைடு மட்டும். சாதாரணமாக 40 மி.மீ. இருக்கும் அதை, வெறித்தனமாக மூச்சு வாங்கி உச்சியில் 7.5 வரை இறக்கியிருக்கிறார்கள். அது காலி செய்த இடத்தில் ஆக்சிஜன் அமர்கிறது. 1978இல் மலையேறிகள் மெஸ்னரும் ஹேபலரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் உச்சிக்குப் போனதில் இந்தக் கூட்டல் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

மார்ச் 9, பின்குறிப்பு

கடலுக்குள் இதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடும். 66 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 7.6, சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.6. முங்குவோர் இதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் வலிப்பு வரக்கூடும், தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது. நைட்ரஜன் 30 மீட்டரைத் தாண்டினாலே மயக்கம் தரத் தொடங்கும், அதனால் ஆழம் போகிறவர்கள் ஹீலியம் கலக்கிறார்கள். "21 சதவீதம் எப்போதும் பாதுகாப்பு" என்று எழுதிய நண்பர் கரையிலேயே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சிலிண்டரில் புகுந்த மாசுக்கும் இது பொருந்தும். மேலே தொல்லை தராத கார்பன் மோனாக்சைடு, 40 மீட்டரில் ஐந்து மடங்கு பகுதி அழுத்தத்தோடு இரத்தத்தைச் சந்திக்கும். ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜனைவிட அதன் மீது இருநூறு மடங்குக்கு மேல் பற்று.

மார்ச் 10

ஈரக்காற்று கனமா, லேசா? லேசு. நீராவியின் மூலக்கூறு எடை 18. உலர்ந்த காற்றின் சராசரி 29. அழுத்தம் மாறாமல் நீராவி உள்ளே வந்தால் அதன் பங்குக்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் விலக வேண்டும். 30 டிகிரியில் காற்று முழுக்க ஈரம் தெவிட்டினால் எடை ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறையும்.

புழுக்கத்தில் மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவால் என்கிறார்கள். அதே 30 டிகிரியில் நீராவி 4.2 கிலோபாஸ்கல்; ஆக்சிஜன் 21.2இலிருந்து 20.3க்கு இறங்கும், அவ்வளவுதான். விமானத்தின் உள்ளே அழுத்தத்தை 2,400 மீட்டர் உயரத்துக்கு ஒப்பாக, சுமார் 75 கிலோபாஸ்கல் வரை இறங்க விடுவார்கள். அங்கே ஆக்சிஜன் 15.7. அதில் மணிக்கணக்காகத் தூங்கி வருகிறோம். புழுக்கத்தின் குற்றவாளி வேறு: வியர்வை ஆவியாக முடியாமல் உடல் சூடாகிறது.

மார்ச் 13

சோடா புட்டிக்குத் திரும்புகிறேன், அங்கே சொல்லாமல் விட்ட ஒன்று உறுத்துகிறது. "காற்றடித்த புட்டியில் குமிழ்கள் நின்றுவிடுவதை என் கண்ணால் பார்த்தேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்திருப்பார். அது உண்மை.

குமிழ் என்பது நீருக்குள் பிறக்கும் ஒரு வெற்றறை. அது விரிய வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் வாயு, வெளியிலிருந்து அழுத்தும் மொத்தத்தையும் தள்ள வேண்டும். அழுத்துவது நைட்ரஜனா கார்பன் டை ஆக்சைடா என்ற பேதம் குமிழுக்கு இல்லை. ஆகவே காற்றடித்தால் குமிழ் அடங்கும். மேற்பரப்பு வழியே கார்பன் டை ஆக்சைடு ஓசையில்லாமல் வெளியேறுவது மட்டும் தொடரும். கடைசிக் கணக்கு அதே, போய்ச் சேரும் வேகம் குறையும்.

இதை ஒட்டித்தான் கொதித்தலும் ஆவியாதலும் பிரிகின்றன. துணி உலர்வது காற்றிலுள்ள நீராவியின் பகுதி அழுத்தத்தைப் பொறுத்தது, நீர் கொதிப்பது மொத்த அழுத்தத்தைப் பொறுத்தது. எண்ணெய் போன்ற, நீரில் கலக்காத திரவத்தை நீரோடு சேர்த்துச் சூடாக்கினால் இது இன்னும் வேடிக்கை. இரண்டும் தத்தம் ஆவி அழுத்தத்தை முழுசாகக் கொடுக்கும், குமிழுக்குள் இரண்டும் கூடும், கூட்டுத்தொகை வெளி அழுத்தத்தைத் தொட்டவுடன் கொதிக்கும். அனிலின் தனியாக 184 டிகிரியில் கொதிப்பது. நீரோடு சேர்ந்தால் 100க்கும் கீழே, 98ஐ ஒட்டி, ஆவியாகி வந்துவிடும். சூடு தாங்காத பொருள்களை நீராவியால் வடிப்பவர்கள் நம்பியிருப்பது இந்தக் கூட்டலைத்தான்.

மார்ச் 14

முதல் குறிப்பில் "அளக்கும்படி மாறாது" என்று எழுதினேனே தவிர "துளிகூட மாறாது" என்று எழுதவில்லை. அதை ஒருவர் பிடித்துக்கொண்டார், நல்ல கண்.

திரவத்தின் மீது வேற்று வாயுவால் அழுத்தினால், திரவத்தின் மூலக்கூறுகள் வெளியே தப்ப நினைப்பது சிறிது கூடும். நீருக்கு 25 டிகிரியில் ஒரு வளிமண்டலம் கூட்டினால் ஆவி அழுத்தம் 0.07 சதவீதம் ஏறும். மாணவர் ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை. நூறு வளிமண்டலம் கூட்டினால் ஏழு சதவீதத்துக்கு மேல், அதை ஒதுக்க முடியாது.

மார்ச் 15

தீயைப் பற்றிக் கேட்டவருக்கு.

எரிவதும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை மட்டும் பார்த்துத்தானே, நைட்ரஜன் வெறும் பார்வையாளர்தானே என்கிறார். இங்கே நைட்ரஜன் பார்வையாளர் அல்லவே அல்ல. சுடர் தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் சூடாக்க வேண்டும். காற்றில் ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஏறத்தாழ நான்கு நைட்ரஜன் மூலக்கூறுகள் கூடவே நின்று அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை அப்படியே வைத்தாலும் தீ வேகமாகப் பரவும்.

அப்பல்லோ விண்கலம் பறக்கும்போது உள்ளே தூய ஆக்சிஜன், சுமார் 34 கிலோபாஸ்கல். சுவாசிக்கப் போதும், கலத்தின் சுவரும் மெல்லியதாக இருக்கலாம். ஆனால் 1967 ஜனவரி 27 அன்று தரைச் சோதனையில், வெளிக்காற்றைவிட உள்ளழுத்தம் சற்று அதிகமாக இருக்க வேண்டும் என்பதற்காக, 115 கிலோபாஸ்கல் தூய ஆக்சிஜனை நிரப்பியிருந்தார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜனின் பங்கைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், வெப்பம் வாங்க நைட்ரஜனும் இல்லை. தீ பிடித்தது. உள்ளே இருந்த விண்வெளி வீரர்கள் கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபீ மூவரும் இறந்தார்கள். பிறகு ஏவுதளத்தில் நைட்ரஜன் கலந்து நிரப்பத் தொடங்கினார்கள்.

டால்டன் விதி அழுத்தக் கணக்குக்கு மட்டும் பொறுப்பு. வெப்பக் கணக்கை அதன் தலையில் கட்டக்கூடாது.

மார்ச் 18

சிலிண்டர் நிரப்பும் வேலையில் இருப்பவர் ஒருவர் வந்திருக்கிறார். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த வருகை. 200 பார் அழுத்தம் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம்) கொண்ட சிலிண்டரில் 32 சதவீத ஆக்சிஜன் கலவை வேண்டும், முதலில் ஆக்சிஜனை எவ்வளவு விட வேண்டும் என்பது கேள்வி. அவர்கள் அட்டவணையைப் பார்த்து நிரப்புகிறார்களாம், கணக்கு எப்படி வருகிறது என்று தெரிய வேண்டுமாம்.

இறுதியில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 64 பார் இருக்க வேண்டும். 200 பாரும் காற்றாகவே இருந்தால் 42 கிடைக்கும். குறைவது 22. தூய ஆக்சிஜனாக விடும் ஒவ்வொரு பாரும், அந்த இடத்தில் வரவிருந்த ஒரு பார் காற்றை விலக்குகிறது. ஆகவே ஒரு பாருக்கு நிகர லாபம் 0.79தான். 22ஐ 0.79ஆல் வகுத்தால் 27.8. காலி சிலிண்டரில் 27.8 பார் ஆக்சிஜன், பிறகு 200 வரை காற்று.

வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி மானி கூடுதலாகக் காட்டும், ஆறியதும் இறங்கும். ஆறவிட்டுப் பார்க்காமல் கணக்கிட்டால் கலவை தப்பும். ஹீலியம் சேர்ப்பதானால் இன்னொரு தலைவலி: 200 பாரில் அது நல்லியல்பு வாயுவைவிட (மூலக்கூறுகளுக்கு இடமே தேவைப்படாது என்று கொள்ளும் கணக்கு வாயு) ஒன்பது சதவீதம் போலக் கூடுதல் அழுத்தம் காட்டும், அதாவது மானி சொல்வதைவிட உள்ளே வாயு குறைவு. என் பஸ் இங்கே உண்மையிலேயே நிரம்பத் தொடங்குகிறது. அட்டவணை போட்டவர்கள் இதையெல்லாம் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள், அதை மதியுங்கள். எப்படியும் கடைசியில் ஆக்சிஜன் உணர்வியால் அளந்து பார்க்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் போகும் வழியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மார்ச் 19

அம்மோனியாவையும் ஹைட்ரஜன் குளோரைடையும் கலந்தால் அழுத்தங்கள் கூடுமா என்று ஒரு குறும்புக் கேள்வி. கூடாது, வெண்புகையாகித் திண்மமாகப் படியும். வினைபுரியாத வாயுக்களுக்குத்தான் விதி.

மார்ச் 24

தேர்வுக்குப் படிப்பவரின் கேள்வியோடு முடித்துக்கொள்கிறேன். இனி இந்தப் பக்கம் வர நேரமிருக்காது. நைட்ரஜன் டை ஆக்சைடும் டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் சமநிலையில் இருக்கும் கலத்தில் ஆர்கானைச் சேர்த்தால் சமநிலை நகருமா? விடைக்குறிப்பில் "மாற்றமில்லை" என்று இருக்கிறதாம், பயிற்சி வகுப்பில் "நகரும்" என்றார்களாம்.

கலம் விறைப்பாக இருந்தால் இது முதல் நாள் கேள்வியேதான். மொத்த அழுத்தம் ஏறும், இரண்டு வாயுக்களின் பகுதி அழுத்தமும் அசையாது, சமநிலை மாறிலி கேட்பது அவற்றை மட்டுமே. டை ஆக்சைடின் பழுப்பு நிறம் அப்படியே இருக்கும்.

அழுத்தம் மாறாமல் பிஸ்டன் நகர்ந்து இடம் கொடுத்தால் கதை வேறு. பருமன் பெருகும், இரண்டின் பகுதி அழுத்தமும் இறங்கும், அப்போது டெட்ராக்சைடு உடைந்து பழுப்பு மூலக்கூறுகள் கூடும். ஆனால் பழுப்பு கூடியதைப் பக்கவாட்டில் பார்த்துத் தேடாதீர்கள். கலவை விரிந்து நீர்த்துப்போனதால் அந்தத் திசையில் நிறம் வெளிறித்தான் தெரியும். குழாயின் நீளவாக்கில், பிஸ்டன் இருக்கும் திசையை நோக்கிப் பார்த்தால் முன்பைவிட அடர்த்தியாகத் தெரியும்.

கேள்வித்தாளில் பருமன் நிலையா, அழுத்தம் நிலையா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கேட்டு, தாள் தயாரித்தவருக்கு எழுதுங்கள்.